சாவடி இல்லாத இடத்தில் நின்ற மாடுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இதை நான் சொல்லவில்லை, என்னைப் பெற்றவள் பாகூர்ச் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கோபத்தால் என் எம்.ஏ. படிப்பையே கோட்டை விட இருந்தேன். விடாமல் காப்பாற்றியது அப்பாவும், அவர் சொன்ன ஒரு பொய்யும்.

பாகூரைத் தாண்டித் தெற்கே எங்கள் ஊர். ஏரித் தண்ணீரில் நெல் விளையும், விளையாத வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருப்போம். புதுச்சேரி கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தேன். பிறகு சென்னையில் நான்கு வருஷம் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். சென்னைப் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் ஐரோப்பிய வரைபடத்தை விரித்து, ஒரு கோடு எத்தனை முறை நகர்ந்தது என்று காட்டினார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அரசியலும் நிர்வாகமும் சேர்ந்த எம்.ஏ., அதில் சர்வதேச விவகாரம் சிறப்புப் பாடம் என்று ஒரு படிப்பு இருப்பதைக் கேட்டதும் அதைத்தான் படிப்பேன் என்று வீட்டில் வந்து நின்றேன்.

"இன்னாடி படிப்பு அது?" என்றாள் அம்மா.

"நாடும் நாடும் சண்ட போடாம எப்படி இருக்கிறதுன்னு படிக்கிறதும்மா."

"அதுக்கு எதுக்குடி மெட்ராஸு? உங்க அத்தைக்கும் எனக்கும் நடுவுல ஒரு மாசம் ஒக்காரு, எல்லாம் தெரிஞ்சிரும்."

அப்பா சிரித்தாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தாள். கடைசியில் வீட்டில் ஓர் உடன்படிக்கை ஆனது: நேர்முகத் தேர்வில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம். அந்த மாப்பிள்ளை நல்லவராகவே இருந்திருப்பார். நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

விண்ணப்பத்தில் எந்த நாட்டுக் குடிமகள் என்று ஒரு கட்டம் இருந்தது. நாங்கள் அப்போது நடப்பில் இந்தியா, சட்டப்படி இன்னும் பிரான்சு. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வருஷம் ஆகியும் காகிதம் மாறவில்லை. அந்தக் கட்டத்தில் எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் 'பாகூர்' என்று எழுதி அனுப்பினேன். அந்த வயதில் அதுவே பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது.

கொடி மாறுவதற்கு முன்னால் நாங்கள் கடலூருக்குப் போக வேண்டுமென்றால் எல்லையைத் தாண்ட வேண்டும். பாதையில் ஒரு புளியமரம், அதன் அடியில் இந்தியப் பக்கத்துச் சுங்கச்சாவடி. பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து துணியோ சாராயமோ கடத்துகிறோமா என்று பார்ப்பார்கள். வண்டி நிற்கும். சிப்பாய் ஒருவர் பின்னால் வந்து வைக்கோலைத் தூக்கிப் பார்ப்பார், என் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்வார், உள்ளே பாவாடைகளைத் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முன்னால் போய் மாட்டின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். போகலாம் என்று அர்த்தம். ஒவ்வொரு விடுமுறைக்கும் போகும்போதும் வரும்போதும் இதே கூத்துதான்.

கொடி மாறியதும் சாவடியைப் பிரித்துவிட்டார்கள். கூரையை யாரோ கொண்டுபோனார்கள், மூங்கிலை வேறு யாரோ கொண்டுபோனார்கள், புளியமரம் மட்டும் மிச்சம். ஆனால் எங்கள் வண்டி மாடுகள் இரண்டும், மயிலையும் செவலையும், அந்த மரத்தடிக்கு வந்ததும் நின்றுவிடும். அப்பா இறங்குவார். பின்னால் போய் வைக்கோலைத் தூக்குவார், தானே ஒரு முறை எட்டிப் பார்ப்பார், முன்னால் வந்து முதுகில் இரண்டு தட்டு. உடனே மாடுகள் கிளம்பிவிடும். மூன்று வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தார் மனிதர். கேட்டால், "இன்னா, ரெண்டு நிமிசம்தானே" என்பார்.

நேர்முகத் தேர்வு அன்று கோழி கூவக் கிளம்பினோம். ஏழு மணிக்குக் கடலூரில் ரயிலைப் பிடித்தால் மதியம் சென்னை, இரண்டு மணிக்குத் தேர்வு. ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது, ஏனென்றால் அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள், பிறகு கழித்தது போதாது என்று மறுபடி கழித்தாள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து சர்வதேச எல்லைக்கான இலக்கணத்தை ஆங்கிலத்தில் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். புளியமரம் வந்தது. மாடுகள் நின்றன.

அப்பா இறங்கப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் இந்தக் கூத்து வேணாம்பா. ஓட்டு!"

"ரெண்டு நிமிசம்டி."

"ரெண்டு நிமிசம் கெடையாது. இல்லாத சாவடிக்கு எதுக்குப்பா நிக்கணும்?"

அப்பா எனக்காக நாக்கைத் தட்டி ஓட்டிப் பார்த்தார். அசையவில்லை. நான் அவர் கையில் பேருக்கு வைத்திருந்த சாட்டையைப் பிடுங்கி வீசினேன். முதுகில் போடத்தான் வீசினேன், அது மயிலையின் கண்ணோரத்தில் விழுந்தது. மயிலை ஒரு சத்தமும் போடவில்லை. முன்னங்காலை மடித்தது, பின்னங்காலை மடித்தது, நுகத்தடியோடு நடுப்பாதையில் படுத்துவிட்டது.

அப்பா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் இறங்கி, மாட்டை அவிழ்த்து, கண்ணோரத்தைத் துடைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நான் அழுதேன், கத்தினேன், மாட்டைச் சனியனே என்றேன். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து மயிலை தானாக எழுந்தது. அப்பா வைக்கோலைத் தூக்கிப் பார்த்து, இரண்டு தட்டு தட்டினார். ரயில் எப்போதோ போயிருந்தது.

மாடுகளைக் கடலூரில் தெரிந்த வீட்டில் கட்டிவிட்டு, அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. அப்பாவுக்கு அதற்கு முன் விழுப்புரத்தைத் தாண்டிப் பழக்கமில்லை. தாழ்வாரத்தில் என் மஞ்சள் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மூன்று பேர் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார், வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, ஏன் தாமதம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாழாய்ப்போன வெட்கம்! மாடு படுத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

"கடலூரிலிருந்து வரும் காலை ரயில் தாமதம்" என்றேன்.

"அப்படியா? அதே ரயிலில்தான் என் தம்பி வந்தான். சரியான நேரத்துக்கு வந்தான். நீ போகலாம்."

நின்ற இடத்திலேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. திரும்பிக் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தார் அப்பா. அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்து தெரியாது, நான் சொன்ன பொய்யும் தெரியாது. அழைக்காத இடத்துக்குப் போகாத மனிதர், விறுவிறு என்று உள்ளே போனார்.

"அம்மா, பொண்ணு மேல தப்பு இல்லீங்க. வழியில மாடு நின்னு போச்சிங்க."

"மாடா?" என்றார் ஓரத்தில் இருந்த பேராசிரியர்.

அப்பா சொன்னார். சாவடி, வைக்கோல், இரண்டு தட்டு, எல்லாவற்றையும் வரப்பில் உட்கார்ந்து பேசுவதுபோல நிதானமாகச் சொன்னார். ஓரத்துப் பேராசிரியர் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. கட்டிய காகிதத்தைக் கீழே வைத்தார்.

"சாவடியை எடுத்து எத்தனை வருஷமாகிறது?"

"மூணு வருசமாச்சிங்க."

"பிறகு ஏன் நிற்கிறது?"

"நமக்கு வந்து சொன்னாங்க, இனிமே எல்ல கெடையாதுன்னு. அதுங்களுக்கு யாருங்க சொன்னா?"

"மற்ற நாளில் கிளம்பும் மாடு, இன்றைக்கு ஏன் படுத்தது?"

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான் அடிச்சிட்டேங்க. அவசரத்துல."

அப்பா தன் ஆயுளில் மாட்டை அடித்தவர் இல்லை. அடிக்கிறவனோடு பேசமாட்டார். அந்த மனிதர் முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் தன்னை மாட்டை அடித்தவன் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். படிப்பாவது, தை மாதமாவது.

"அவர் அடிக்கல. நான்தான் அடிச்சேன். கண்ணோரத்துல பட்டுது. ரயில் தாமதம்னு சொன்னதும் பொய்" என்றேன். ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். "பாகூர் என்று ஒரு நாட்டைக் கண்டுபிடித்த பெண் நீதானே? உட்கார்" என்றார். அப்பாவையும் உட்காரச் சொன்னார். உருப்போட்ட இலக்கணம் எதையும் அவர் கேட்கவில்லை. அந்தப் புளியமரத்தடியில் யார் நின்றார்கள், எதைத் தேடினார்கள், யாரைத் தேடாமல் விட்டார்கள் என்று அரை மணி நேரம் கேட்டார். எனக்கு இடம் கிடைத்தது. கரிக்கலாம்பாக்கத்து மாப்பிள்ளைக்கு அதே தையில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

இரண்டு வருஷமும் விடுமுறைக்குத் தவளக்குப்பத்தில் பஸ் இறங்கி வந்துவிடுவேன், புளியமரத்தடிக்குப் போகும் வேலையே இல்லை. படிப்பு முடிந்து புத்தக மூட்டைகளோடு திரும்பியபோதுதான் அப்பா கடலூருக்கு வண்டி கொண்டுவந்தார். செவலை போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் ஓர் இளங்காளை, சாவடியைக் கண்ணால் பார்த்தே இராதது. மயிலைக்கு வயதாகி முதுகெலும்பு தெரிந்தது.

புளியமரம் வந்ததும் மயிலை நின்றது. பக்கத்தில் இளங்காளையும், எத்தனையோ வருஷப் பழக்கம்போல, நின்றது.

"நீ இரு, நான் பாக்கறேன்" என்று நான் இறங்கினேன். வைக்கோலைத் தூக்கிப் பார்த்தேன். என் பெட்டியை நானே திறந்து நானே மூடினேன். மேலே உட்கார்ந்துகொண்டு அப்பா கை கூப்பினார்.

"போலாங்களா, ஆபீசரம்மா?"

சிரித்துக்கொண்டே முன்னால் போய், தட்டுவதற்குக் கையை ஓங்கினேன். மயிலை சட்டென்று தலையை அந்தப் பக்கம் இழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

என் கை அப்படியே நின்றது. கண்ணோரத்தில் அந்தத் தழும்பு இருந்தது, அதில் மயிர் முளைக்கவே இல்லை. அப்பா பார்த்துவிட்டார்.

"ஈ மொய்க்குதுடி. அதான் கண்ண மூடிக்கிச்சி" என்றார்.

ஈ எதுவும் இல்லை. கையை மெதுவாக இறக்கி அதன் முதுகில் வைத்தேன். அது கண்ணைத் திறக்கிற வரைக்கும் வைத்துக்கொண்டே நின்றேன். நேரமாயிற்று என்று அப்பா சொல்லவில்லை.