அக்கா குடித்துப் பார்த்த கிணறுகள்

“மாமா, முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலருக்கு, கல்வெட்டுக்கு, நீங்கள்தான் எழுத வேணும். ஆனால் அம்மாவைப் பற்றிப் பகிடி ஒண்டும் எழுதிப் போடாதேங்கோ” என்று அக்காவின் மகள் சொல்லிவிட்டுப் போனார். சிரிக்க வைக்கும் பகிடியை நீக்கிவிட்டு அக்காவைப் பற்றி எழுதினால் பிறந்த இடமும் மறைந்த நாளும்தான் மிஞ்சும். அதோடு, எங்கள் குடும்பத்தில் அக்காவைப் பற்றிய பகிடி ஒன்று சில வருடங்களாக உலாவுகிறது. ‘திருகோணமலை நாக்கு’ என்றால் கனடாவில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பகிடியில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் இந்த மலர் உறவுகளான உங்கள் கைக்கு வரக்கூடாது என்பதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

அக்கா யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவில் உள்ள நாரந்தனையில் எங்கள் பெற்றோருக்கு மூத்தவராகப் பிறந்தார். ஆறு வருடம் கழித்து நான். ஊர்காவற்றுறையில் படித்து, அத்தானைக் கைப்பிடித்து, ஒரு மகளைப் பெற்றார். அந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோதுதான் தீவுச் சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்தது. அக்கா நான்கு ஊர்களில் இருந்தார். நான்கிலும் அடுத்தவர் கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நின்றார். பிள்ளைக்குப் பால் கரைக்க முன் தண்ணீரைத் தன் வாயில் விட்டுப் பார்ப்பது அப்போது தொடங்கிய பழக்கம். அத்தானும் அந்த அலைச்சலிலேயே காலமானார். அக்கா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார், கிணறுகளைப் பற்றி மட்டும் பேசுவார்.

ஊருக்குத் திரும்பியபோது எங்கள் கிணற்றுக்குள் பூவரசு முளைத்திருந்தது. அக்கா இரண்டு கூலிக்காரரைப் பிடித்து, தானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று, சேறு முழுவதையும் வாரினார். எங்கள் ஐயா காணியை இரண்டாகப் பிரித்தபோது கிணறு நடு எல்லையில் வந்ததால் பாதிப் பங்கு அக்காவுக்கு, பாதி எனக்கு. பாதிச் சேற்றை நீ வாரினாயா என்று கேட்காதீர்கள். நான் அப்போது தெற்கில் கடையில் இருந்தேன்.

கடையை விட்டு நானும் மனைவியும் ஊரோடு வந்த பிறகு தண்ணீர் அள்ளக் காலைமுறை அக்காவுக்கு, மாலைமுறை எனக்கு என்று ஒழுங்கு வைத்தோம். அக்காவின் வளவில் கத்தரி, மிளகாய், பயிற்றை, தேசி, ஒரு வரிசை செவ்வரத்தை. எல்லாவற்றுக்கும் வாளியால்தான் தண்ணீர். குசினியில் சட்டிபானை கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும், குளித்த தண்ணீர் முருங்கைக்குப் போகும். முகம் கழுவிய தண்ணீரை நான் முற்றத்தில் வீசினால், “அது என்ன பாவம் செய்தது?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

சனிக்கிழமை பொழுதுபட முன் அதே வேலியில் அக்காவின் தலை தெரியும். “தம்பி, நாளைக்கு எங்கை?” ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது அக்காவுக்கு ஒத்துவராது. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு என்னுடைய ஓட்டோவில் மூவரும் புறப்படுவோம். சில நாள் ஊர்காவற்றுறைத் துறையில் வள்ளமேறிக் காரைநகர், சில நாள் குறிகட்டுவானில் வள்ளமேறி நயினாதீவு. நாங்கள் கோயிலையும் கடலையும் பார்ப்போம். அக்கா கும்பிட்டு முடிந்ததும் ஏதாவது ஒரு வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

“பிள்ளை, ஒரு செம்பு கிணத்துத் தண்ணி தாறீரே?”

வாயில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு கன்னத்துக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். தேத்தண்ணிக்கு ஆகும் என்றால் முதற்தரம். சோத்துக்கு ஆகும் என்றால் பரவாயில்லை. அதற்குக் கீழே ‘கால் கழுவ ஆகும்’. நெடுந்தீவுக்குப் போனபோது நானும் மனைவியும் அங்கே திரியும் காட்டுக் குதிரைகளைப் பார்க்க ஓடினோம். அக்கா அந்த ஊர்க்காரர் ஒருவரை மறித்து, குதிரைகள் எந்த இடத்தில் தண்ணீர் குடிக்கின்றன என்று விசாரித்தார்.

“ஏன் அம்மா, குதிரை குடிக்கிற தண்ணியிலை என்ன குற்றம்?”

“குற்றமில்லை. அதுகளின்ரை நாக்குப் பிழை விடாது. அதுதான் கேட்டனான்.”

புளியங்கூடலில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் புதுக் கிணறு வெட்டி, முதல் தண்ணீரைக் குடித்துப் பார்க்க அக்காவை அழைத்தார். சபையில் எல்லோரும் பார்த்திருக்க, “கால் கழுவ ஆகும்” என்றார் அக்கா. மனிதர் முகம் கறுத்துப்போனது. ஆனால் வளவின் மற்ற மூலையில் இரண்டாவது கிணறு வெட்டியபோது முதல் ஆளாக அக்காவைத்தான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு கிணறு வெட்ட நினைத்தவர்கள் பலர் எங்கள் படலைக்கு வந்தார்கள். அக்காவுக்கு அதில் பெருமை, எனக்கும்தான்.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். எனக்கு வாளி பிடித்து இடுப்பு நொந்தது. ஒரு தண்ணீர் மோட்டர் வாங்கினேன். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாரியிலை போடு. கோடையிலை தொடாதை. வேகமா இழுத்தால் கீழை இருக்கிற உப்பு மேலை வந்திடும்.” நானும் சரி என்று தலையாட்டினேன்.

அந்த வைகாசியில் அக்கா மூன்று நாள் திருகோணமலைக்கு, மகள் வீட்டுக்குப் போனார். என் கதலி வாழைகள் குலை தள்ளி வாடி நின்றன. அக்கா ஏறிய பஸ் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்காது, நான் மோட்டரைப் போட்டேன். மனைவி வாசலில் நின்று, “இஞ்சருங்கோ, மச்சாளுக்குத் தெரிஞ்சால்?” என்றாள். “ஆர் சொல்லப் போறது?” என்றேன். மூன்று நாளும் போட்டேன்.

திரும்பி வந்த அக்கா பையை உள்ளே வைக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

“தம்பி, தண்ணி மாறிப் போச்சு.”

“அக்கா, மூண்டு நாள் திருகோணமலைத் தண்ணி குடிச்ச நாக்கு உங்கடை. அதுக்கு எங்கடை தண்ணி இப்ப உப்புச் சவர்தான்.”

மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து யார் போன் எடுத்தாலும் இதைச் சொல்லிச் சிரித்தேன். “அக்கா வந்திட்டா, நாக்கு இன்னும் திருகோணமலையிலை நிக்குது.” நீங்களும் சிரித்தீர்கள், அக்காவும் கூடச் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிறு நயினாதீவில் ஒரு வீட்டுப் பெண் தானாகவே செம்போடு வந்தபோது, அக்கா மடமடவென்று குடித்துவிட்டு, “நல்லா இருக்குப் பிள்ளை” என்று செம்பைத் திருப்பிக் கொடுத்தார். தரம் சொல்லவில்லை. பிறகு போத்தலில் தண்ணீர் கொண்டுவரத் தொடங்கினார். கறிக்கு உப்புப் பார்க்க என் மனைவியைக் கூப்பிட்டார். கிணறு வெட்டுகிறவர்கள் வந்தால், “எனக்கு வயசு போட்டுது, வேறை ஆரையும் கேளுங்கோ” என்று அனுப்பினார்.

ஆடியில் ஒரு ஞாயிறு. காரைநகர் வள்ளத்துக்காக ஊர்காவற்றுறைத் துறையில் நின்றோம்.

“அக்கா, நான் மோட்டர் போட்டனான்.”

“எப்ப?”

“நீங்கள் திருகோணமலையிலை நிக்கேக்கை.”

“எத்தினை நாள்?”

“மூண்டு நாளும்.”

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. “அப்ப தண்ணி மாறினது உண்மைதானே” என்றார். அப்படியே துறையடிக் கடைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி, இரண்டு கன்னத்துக்கும் அனுப்பி, “சோத்துக்கு ஆகும்” என்று கடைக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார். திரும்பி வந்த பிறகுதான் எனக்கு அர்ச்சனை விழுந்தது. “நீர் இனி என்னோடை கதைக்க வேண்டாம்.” பிறந்த நாள் முதல் என்னை ‘நீ’ என்றே அழைத்த அக்கா, அன்று முதல் தடவையாக, அந்நியருக்குச் சொல்வதுபோல ‘நீர்’ என்றார்.

ஒரு மாதம் கதைக்கவில்லை. ஞாயிற்றுப் பயணம் மட்டும் நிற்கவில்லை. ஓட்டோவின் பின்னால் இருந்து, “பிள்ளை, உம்மடை மனுசனை மெதுவா ஓடச் சொல்லும்” என்று கட்டளை வரும். என் மனைவி என் காதுக்கு அருகில் அதைத் திருப்பிச் சொல்வாள்.

கடைசியில் நான் வேலியடிக்குப் போய், எல்லோருக்கும் போன் எடுத்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

“விடு” என்றார் அக்கா. “கடையை மூடிக்கொண்டு வந்து கிணத்தையும் கெடுத்தவன் எண்டு சனம் உன்னைச் சொல்லும். நாக்குப் போன கிழவி எண்டு என்னைச் சொன்னால் எனக்கென்ன குறைச்சல்?”

‘விடு’ என்றாரே, ‘விடும்’ என்று சொல்லவில்லை. கோபம் தீர்ந்தது என்ற சந்தோஷத்தில் நானும் விட்டுவிட்டேன். மாரி மழையோடு கிணறு தேறியது. மோட்டரை விற்றேன். பகிடி மட்டும் தேயவில்லை. போன திருவிழாவுக்கு வந்த நீங்கள் அக்காவைச் சூழ்ந்திருந்து, நாக்கு வந்துவிட்டதா என்று கேட்டபோது, அக்கா உங்களோடு சேர்ந்து சிரித்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

மாசியில் நெஞ்சுவலி என்று படுத்த அக்கா, பதினொரு நாள் வைத்தியசாலையில் இருந்து, மகளின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார். இரவு பகலாகப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கடல் கடந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா, நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை இன்று செய்கிறேன், மன்னியுங்கள். உறவுகளே, அந்த வைகாசியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உண்மையாகவே சவர்த்தது. அக்கா சரியாகத்தான் சொன்னார், பொய் சொன்னது என் நாக்கு. அக்கா இல்லாத இந்த வீட்டில் இனியும் அந்தப் பகிடி வேண்டுமென்றால், என்னைக் காட்டிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தம்பி