பூஜ்ஜியம் போட்ட புஷ்பம் மேடம்

நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "புஷ்பம் மேடம் தவறிட்டாங்க. திண்டிவனம் வீட்டுல. மாரடைப்பு." கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். முந்தைய மாலைதான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறினார். சமாதானம் ஆவதற்குள் போய்விட்டாரே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அவரிடம் நர்சிங் படித்தவர்களுக்கு அந்தக் குழுத் தேர்வு மறந்திருக்காது. பொம்மை நோயாளியைச் சுற்றி ஐந்து மாணவிகள். மேடம் டாக்டராக நடிப்பார். நடுவில், "பொட்டாசியத்தைக் கலக்காம அப்படியே நரம்புல ஏத்து" என்பார். ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று படித்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் ஒருத்தி "ஓகே மேடம்" என்று ஊசியை எடுப்பாள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "பேஷண்ட் போயிட்டாரு. அஞ்சு பேரும் சேர்ந்து அனுப்பி வெச்சிட்டீங்க" என்று எல்லோருக்கும் பூஜ்ஜியம் போடுவார்.

அவரோடு பாடம் எடுத்தவள் என்ற உரிமையில் ஒருமுறை பரிந்து பேசினேன். "பெரியவங்கள எதுத்துப் பேசாதன்னு வளர்த்த பொண்ணுங்க மேடம்." அவர் விடவில்லை. "கட்டில்ல படுத்துக்கினு இருக்கறவனையும் ஒருத்தி வளர்த்துத்தான் அனுப்பியிருக்கா, போம்மா."

போன வருடம் ஒரு குழு வந்தது. ஒருத்தி கை நீட்டுமுன் மற்றவள் பொருளைக் கொடுத்துவிடுவாள். கல்லூரி முதல்வரே கைதட்டினார். தப்பான உத்தரவு வந்தபோது இலக்கியா மட்டும் வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவள் காலை மிதித்ததும் மூடிக்கொண்டாள். "இந்த ஒத்துமையைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது" என்று பூஜ்ஜியம் போட்டார் மேடம். நிர்வாகம் வேறொருவரை வைத்து மறுதேர்வு நடத்தி ஐவரையும் பாஸ் ஆக்கியது. ஐவருக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரே மருத்துவமனையில் வேலை. பஸ் ஸ்டாண்டில் சண்டையும் அதைப் பற்றித்தான். "விடுங்க மேடம், பொழச்சிப் போகட்டும்" என்றேன். "யாரு பொழைக்கறது?" என்று கேட்டுவிட்டு ஏறினார்.

அடக்கத்தன்று ஐவரும் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார்கள். இலக்கியா என்னை ஓரமாக இழுத்தாள்.

"மேடம், விடியக்காலைல ஒரு தாத்தாவுக்கு ஊசி போட்டோம். டாக்டர் சொன்ன அளவு ஜாஸ்தி. எங்க எல்லாருக்குமே தெரியும்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"மயக்கமாவே இருக்காரு. சாயந்தரம் இன்னொன்னு போடணும் மேடம்."

"சாவு வீட்டுல இன்னாடி பேச்சு, வா" என்று தோழிகள் அவள் கையைப் பிடித்தார்கள்.

மருத்துவமனைக்கு போன் செய்தேன். "டாக்டர் சொன்னத நாங்க எப்படிங்க மாத்தறது?" என்றார் எடுத்தவர். உள்ளே ஜெபம் தொடங்கியிருந்தது. இலக்கியாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடக்கத்துக்குக்கூட நிற்கவில்லை என்று உங்களில் சிலர் குறைபட்டீர்களாம். புஷ்பம் மேடம் குறைபட்டிருக்க மாட்டார்.

டாக்டரிடம் இலக்கியாவே பேசினாள். "அளவு தப்பு சார்." இரண்டாவது ஊசி போடவில்லை.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம்தான். இதை எழுதும்போது தாத்தா இன்னும் கண் திறக்கவில்லை. மற்ற நான்கு பேரும் இன்றும் டியூட்டிக்குப் போயிருக்கிறார்கள்.