கீழ்வீட்டு அமெரிக்காக்காரி

ஜெர்மனியில், கைசர்ஸ்லவுட்டர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள். எங்களுக்கு மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. இருவரின் கணவன்மாருக்கும் ஒரே அமெரிக்கப் படைமுகாமில்தான் வேலை. ஆனால் படியில் எதிர்ப்பட்டால் மழை, வெயில் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

மேல்வீட்டுக்காரியை அப்பாவுக்குப் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் விசா இழுபட்டபோது, கூடவே அலுவலகத்துக்கு வந்து எங்களுக்காகச் சண்டை பிடித்தவர் அவர். அதே உதவியைக் கீழ்வீட்டுக்காரியிடம் கேட்டபோது, சட்டம் சட்டம்தானே, உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். ஞாயிறு தவறாமல் நான்கு பிள்ளைகளையும் தலைவாரிச் சபைக்குக் கூட்டிப்போகிறவர். அன்றோடு அப்பா அவரைக் கைகழுவிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சூப்போடு எங்கள் கதவைத் தட்டினார். நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கும்போது அம்மா வாந்தி எடுத்ததைக் கண்டிருக்கிறார். நான்கு பெற்றவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கர்ப்பமாக இருந்தார். பத்து வயதான எனக்கு மட்டும் அது தெரியாது. வயிற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

பிறகு அவர் தினமும் வந்தார். கேக், பழம், ஒருநாள் விரல் நீளத்தில் ஒரு சோடிக் காலுறை. நான் ஒரே பிள்ளை. இது யாருடைய காலுக்கு என்று எனக்குச் சந்தேகம் வலுத்தது.

"சும்மா ஆர், பிள்ளை, இப்பிடிக் கொண்டுவந்து குடுப்பினம்?" என்றார் அப்பா. "எங்களை வேதத்துக்கு இழுக்கப் பாக்கிறா. நீ பக்கத்திலை நிண்டு கவனி."

கவனித்தேன். கேக் பெட்டியைத் தூக்கி அடியில்கூடப் பார்த்தேன். பைபிள் இல்லை. எனக்கு எரிச்சல்தான் கூடியது.

அவருடைய அரைகுறை ஜெர்மனை அம்மாவுக்குத் தமிழாக்குவதும் என் வேலைதான். ஒருநாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முடிவெடுத்துவிட்டீர்களா என்று கேட்டார்.

"நாளைக்கு டொக்டரிட்டை டெர்மின் எண்டு சொல்லு," என்றார் அம்மா. "வேறை ஒண்டும் சொல்லாதை."

சொன்னேன். அந்தப் பெண் சமையலறைத் தரையில் முழந்தாளிட்டு ஆங்கிலத்தில் என்னவோ சொல்லி அழுதார். டொக்டரிடம் போவதற்கா இந்த ஆர்ப்பாட்டம்? அப்பாவிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இனிக் கதவைத் திறக்கக் கூடாது என்றார்.

மறுநாள் காலை அம்மாவைக் கூட்டிப்போக மேல்வீட்டுக்காரி கார்ச் சாவியோடு வந்து நின்றார். அலுவலகத்தில் எங்களுக்காக வாய்திறக்காத ஒருவர், பிறக்காத பிள்ளைக்காக அழுதார். கருவைக் கலைப்பது அம்மாவின் உரிமை என்று அன்று வாசலில் நின்று சொன்ன மற்றவர், அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. இன்றும் இருவரையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

அம்மா சப்பாத்தைக் கையில் வைத்தபடி என் கட்டிலில் வந்து இருந்தார்.

"பிள்ளை, உன்ரை அறையிலை இன்னொராள் இருக்க விடுவியோ?"

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரி தன் பிள்ளைகளில் ஒன்றை எங்கள் வீட்டில் செருகப் பார்க்கிறாள். கேக்கும் சூப்பும் அதற்குத்தான். நான் அப்பாவின் மகளல்லவா!

"ஏலாது," என்றேன். "ஒருத்தரும் வரக்கூடாது."

அம்மா குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். "சரி பிள்ளை," என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். கீழே கார் புறப்பட்டது. நல்ல வேளை, நான் விழிப்பாக இருந்தேன் என்ற பெருமையோடு பள்ளிக்கூடப் பையைத் தூக்கினேன்.