மேலே இருப்பவர் சொல்லட்டும்

மொட்டை மாடியில் ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்களைச் செங்கற்களின்மேல் அடுக்கி, காற்றில் உருளாமல் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. கோதண்டத்தின் மகள் தேவி பேசினாள்.

"டீச்சரம்மா, அப்பா போயிட்டாரு. சாப்ட்டுட்டு படுத்தாரு. டீ குடுக்கப் போனா எழுந்திரிக்கல."

நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். வானொலியில் யாரோடு பேசினாலும் நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு. அந்தப் பெண் அழுகையை நிறுத்தி, யோசித்து, "ரெண்டே முக்கால் இருக்கும்மா" என்றாள். அந்தக் கேள்விக்காக அவளிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் கேட்க வேண்டிய இன்னொரு பெரிய மன்னிப்பும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

திரு. கோதண்டம் அனகாபுத்தூரில் தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அறுபது அடி டவரும், அதன்மேல் இதுவரை ஏறிய எல்லா ஆன்டெனாக்களும் அவர் நிறுத்தியவை. உரிமம் வாங்கி வீட்டிலிருந்தே வானொலியில் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ, என் கணவர் ஆல்பர்ட்டுக்குப் பொழுதுபோக்கு என்று சொன்னால் போதாது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டி நடக்கும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உலகத்தில் எத்தனை நிலையங்களோடு பேச முடிகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு உயரத்தில் நல்ல ஆன்டெனா வேண்டும். ஆல்பர்ட்டுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அப்படித்தான் கோதண்டம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

முதல் நாள் ஆல்பர்ட் அளவு போட்டு வரைந்த படத்தை நீட்டினார். கோதண்டம் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, காலால் மண்ணைக் கிளறினார். "படம் சூப்பரா கீது சார். மண்ணுதான் சரியில்ல. நாலடி தோண்டினா தண்ணி வந்துடும்" என்றார். ஆல்பர்ட் நம்பவில்லை. தோண்டினோம். மூன்றரை அடியில் வந்தது.

நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள், பிறகு பள்ளித் தலைமையாசிரியை. வரிசை கோணினாலும் வாக்கியம் கோணினாலும் பொறுக்காது. 'கீது' என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை. அவருக்கு மட்டும் அதை அனுமதித்தேன், காரணம் அவருடைய வேலை. டவரை நான்கு பக்கமும் பிடித்திருக்கும் ஸ்டே கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிவிட்டு, காதை வைத்துக் கேட்பார். "வடக்கால கம்பி தொய்ஞ்சிடுச்சு டீச்சரம்மா, சுதி சேரல" என்று அரைச் சுற்று முறுக்குவார். என் மாணவிகளில் ஒருத்தி அந்தக் கவனத்தில் பாதியைக் காட்டியிருந்தால் நான் இத்தனை கோபக்காரி என்று பெயர் வாங்கியிருக்க மாட்டேன்.

அவரும் ஹாம் உரிமம் வாங்கினார். ஆனால் ஒலிவாங்கியில் அதிகம் பேசியதில்லை. ஒரு போட்டியின்போது ஆல்பர்ட்டின் பின்னால் நின்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிலையம் கிடைத்ததும் அழைப்புக்குறி, ஓர் எண், நன்றி, உடனே அடுத்தவர். கோதண்டம் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏன் சார், அவ்ளோ தொலைவுல ஒரு மனுசன் கெடச்சிருக்காரு. சாப்ட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா தோத்துடுவோம் கோதண்டம்."

"அதுக்கா நான் அம்மாம் ஒசரம் ஏறினேன்?" என்றார். ஆல்பர்ட் சிரித்த சிரிப்பில் இரண்டு நிலையங்கள் கைவிட்டுப் போயின.

இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நான்கு முறை எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் போகிறேன். எங்கள் ஹாம் சங்கத்தின் செயலாளர் முரளி, சங்க இதழுக்காக இந்த அஞ்சலிக் கட்டுரையைக் கேட்டபோது, "அந்த ஒன்பதரை கதையை மறக்காம போட்டுடுங்க மேடம், புதுசா டவர் ஏற வர்றவங்களுக்குப் பாடமா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை.

கோதண்டத்தின் இடதுகை ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது. சங்கத்தில் எல்லோரும் அவரை அன்போடு 'ஒன்பதரை சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் கோபப்பட்டதில்லை. புதியவர்கள் வந்தால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவார். "பாத்துக்கோ. கவனம் இல்லாம கப்பிகிட்ட கைய வெச்சா இதான்" என்பார். அந்தக் கதை உண்மை இல்லை. கோதண்டம் போனபின் உண்மை தெரிந்தவள் நேற்றுவரை நான் ஒருத்திதான்.

முப்பது வருடம் ஆகியிருக்கும். மறுநாள் விடிகாலை போட்டி. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆன்டெனாவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கோதண்டம் மேலே. கீழே கயிற்றை இழுக்கக் கூலிக்கு வந்த இரண்டு பேர். ஆல்பர்ட், வீட்டின் மறுபக்கம், ஆன்டெனா டவரில் மோதாமல் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து அவரால் எங்களைப் பார்க்க முடியாது, காற்றில் எங்கள் குரலும் கேட்காது. மேலேயிருந்து "நில்லு" என்று குரல் வந்தது. நின்றார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முதல் தூறல் விழுந்தது. சும்மா நிற்கிறார்கள் என்று நினைத்தேன். பள்ளி மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகளை நிறுத்தும் குரல் என்னுடையது. "ஏன் நிக்கிறீங்க? இழுங்க!" என்று கத்தினேன்.

இழுத்துவிட்டார்கள். கப்பியின் பள்ளத்திலிருந்து நழுவிய கயிற்றை அவர் அப்போது விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

அலறல் கேட்கவில்லை. மறுபடியும் "நில்லு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எறக்கு." கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அறுபது அடியையும் ஒற்றைக் கையால் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். மருத்துவமனையில் ஆல்பர்ட், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். கோதண்டம் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்பு சார். கைய வெச்சிருக்கக் கூடாது" என்றார். கூலிக்கு இழுத்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அனகாபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். தறியின் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "டீச்சரம்மா காப்பி சாப்புடுவாங்க, போடு" என்று மனைவியிடம் சொல்லிப் பேச்சை வெட்டிவிட்டார் கோதண்டம். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர்தான் சொல்லவிடவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தடுக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஆல்பர்ட் இறக்கும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் மறுபடி டவர் ஏறினார். ஏறும் முன் எல்லோரையும் நிறுத்தி ஒரு சட்டம் போட்டார். "மேல கீறவன் மட்டும்தான் பேசணும். இழு, நில்லு, போதும். கீழ இருந்து ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது, கடவுளே வந்தாலும்." இதைச் சொல்லும்போதும், அதன் பிறகு ஒவ்வொரு முறை சொன்னபோதும், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். சங்கத்துக்கு அது ஒரு நல்ல பாதுகாப்பு விதி. எனக்கு அது அவர் காட்டிய நாகரிகம்.

ஆல்பர்ட் போனபின், டவரைக் கழற்றி விற்றுவிடும்படி வெளிநாட்டிலிருந்து மகன் சொன்னான். கோதண்டம் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு அது நிக்கணுமா, வேணாமா?" நிற்கவேண்டும் என்றேன். அதன் பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் வந்து கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார். பழைய ஆன்டெனா அரித்துப்போனதால், சங்கம் இந்த வருடப் போட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கலந்துகொள்ள, புதியதைச் செய்ய ஆரம்பித்தோம். அவர் அளந்தார், நான் எழுதினேன். "டீச்சரம்மா எழுதினா ரெண்டாவது வாட்டி அளக்க வேணாம்" என்பார். ஆனாலும் அளப்பார். இந்த முறை முரளி ஏறுவதாகவும், தாம் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதாகவும் ஏற்பாடு. அதற்கு நான்கு நாள் முன்பு போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேவி அப்பா டவர் ஏறும்போது கட்டும் இடுப்பு பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆன்டெனாவை ஏற்ற மற்றவர்கள் வருமுன் அவளைச் சமையலறையில் உட்காரவைத்து, அன்று நடந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவள் பெல்ட்டின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள். "எங்கம்மா சாவற வரைக்கும் திட்டிகினே இருந்துச்சு. 'எங்க பராக்கு பாத்துகினு இருந்தே, தறில நூலு முடிய கூட வெரலு இல்லாம வந்து நிக்கிறே'ன்னு. அப்பா ஒரு வார்த்தை பேசினதில்ல."

கொக்கியைக் கடைசியாக ஒருமுறை அழுத்தி மூடினாள்.

"மன்னிச்சுட்டேன்னு எல்லாம் என்னால சொல்ல முடியாது டீச்சரம்மா. அது அவரு சொல்லணும்" என்று எழுந்தாள். "ஆனா எழுதிடுங்க. ஒன்பதரைன்னு சிரிச்சவங்கல்லாம் படிக்கட்டும்."

முரளியிடமும் சொன்னேன். அவர் டவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். வயிற்றுக்கு இரண்டு துளை தள்ளிப் போட வேண்டியிருந்தது.

தேவியும் சங்கத்து உறுப்பினர் இருவரும் கயிற்றைப் பிடித்தார்கள். அன்று ஆல்பர்ட் பிடித்த பக்கக் கயிற்றோடு நான், இந்த முறை அவர்களுக்குப் பக்கத்திலேயே. முப்பது அடி, நாற்பது, ஐம்பது. "நில்லுங்க" என்றார் முரளி.

நின்றோம். மேற்கே படப்பைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. காற்று ஆன்டெனாவைத் திருப்பப் பார்த்தது. பக்கக் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர் மெதுவாக, "மேடம், மழை வருது. இழுத்துடலாமா?" என்றார். முரளியின் கை எங்கே இருக்கிறது என்று கீழிருந்து தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை. தேவி என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டி மறுத்தேன். முகத்தில் தூறல் விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று குறித்துவைக்கவில்லை.

"இழுங்க" என்று மேலேயிருந்து வந்தது. பிறகு, "போதும்."

தேவி கயிற்றைக் கட்டிவிட்டு, வடக்குக் கம்பியிடம் போய் அதை விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. அரைச் சுற்று முறுக்கினாள்.

கோதண்டம், உங்கள் ஆன்டெனா ஏறிவிட்டது. வரும் சனிக்கிழமை போட்டியில் முதலில் கிடைக்கும் நிலையத்திடம், சாப்பிட்டாரா என்று கேட்கப்போகிறேன், தோற்றாலும் சரி. விரல் போனது உங்கள் தப்பால் அல்ல, என்னால். நேற்று நான் வாயைத் திறக்கவில்லை. போய் வாருங்கள்.