பசை மேசை மெஷினக்கா

பத்தடிக்கு ஒருமுறை நின்று குனிந்து பார்க்கிறாள் மெஷினக்கா. காலில் செருப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும். போன வாரம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புகையில் ஒற்றைச் செருப்பு தெருமுனையிலேயே கழன்று கிடந்திருக்கிறது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியதை, வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாளாம். "ஊருக்கெல்லாம் ஷூ ஒட்டினவ நான். என் செருப்பு எங்க கெடக்குன்னு எனக்கே தெரியல பாருங்க" என்று சிரிக்கிறாள்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழ் வீட்டில் அவளும் அவள் தங்கையும். அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் அடிப்பாகத்துக்குப் பசை தடவியவள். கை அத்தனை வேகம், அதில் வந்த பெயர்தான் மெஷினக்கா. பிரஷ்ஷால் தடவினால் ஓரம் படியாது என்று ஆள்காட்டி விரலாலேயே தடவுவாள். தூசி விழுந்தால் பசை கெட்டுப்போகும் என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். விரலில் ஒட்டியது போகவேண்டுமே, அதற்கு ஒரு வாளி தின்னர், பெயிண்டைக் கரைப்பார்களே அது. ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரும் முழங்கை வரை விட்டு அலம்பிக்கொள்வார்கள். "சோப்புக்கெல்லாம் போகாதுங்க. இதுல விட்டா கை பளிச்சுன்னு ஆயிடும்" என்பாள். நரம்பைத் தின்கிற சரக்கிலேயே கை கழுவவிட்டு வேடிக்கை பார்த்த புண்ணியவான்களை என்னவென்று திட்டுவது! டின்மேல் இருக்கும் எச்சரிக்கைச் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்களாம். அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதலில் விரல் நுனி மரத்தது, அப்புறம் பாதம். இப்போது முன்பாதம் தொங்கிப்போய், சேற்றில் நடக்கிறவள் மாதிரி முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். ரவிக்கைக் கொக்கியைத் தங்கைதான் மாட்டிவிடுகிறாள். கம்பெனி டாக்டர் சுகர் என்றார். ரத்தத்தில் சுகர் இல்லை. அப்படியானால் சத்துக்குறைவு என்றார். ஒரே மேசையில், ஒரே வருஷத்தில், நாலு பெண்களுக்குச் சத்து குறைந்துவிட்டதாம். நம்மையெல்லாம் மடையர்கள் என்று நினைத்துவிட்டார் மனுஷன். "என்ன வேலைம்மா பாக்கறே?" என்று கேட்ட முதல் ஆள் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டர்தான். பசையிலும் தின்னரிலும் இருக்கும் ரசாயனம்தான் காரணம், அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் மெல்லத் தேறலாம் என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பியது. அத்தோடு விட்டார்களா? பேக்கிங்கில் இருந்த தங்கையைத் தூக்கி, அக்காவின் முக்காலியிலேயே உட்கார வைத்தார்கள். முடியாது என்றால் வேலையே கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். இரண்டு பேர் வயிறும் இப்போது அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது.

மெஷினக்கா தங்கையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். கால் மரத்த அன்றைக்கே வேலையை விட்டு நின்றுவிடவேண்டும், பட்டினி கிடந்தாலும் சரி. வெறும் பேச்சை நம்புகிறவள் இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பரீட்சை வைக்கிறாள்.

போன ஞாயிறு மத்தியானம் நான் கீழே போனபோது பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தங்கை கண்ணை மூடி, காலை அக்கா மடியில் நீட்டியிருந்தாள். மெஷினக்காவின் விரல்களில் குச்சி நிற்காது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு துடைப்பக் குச்சியை இடுக்கிக்கொண்டிருந்தாள். குதிகாலில் இழுத்து "இப்ப?" என்றாள். தங்கை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். நடுப்பாதத்தில் இழுத்து "இப்ப?" என்றாள். அதற்கும் சிரிப்பு. "நல்லாவே கூசுதுக்கா, போதும் விடு" என்றாள் தங்கை.

மெஷினக்கா விடவில்லை. குச்சியைப் பாதத்துக்கு ஒரு சாண் மேலே, காற்றிலேயே நிறுத்திக்கொண்டு, "இப்ப?" என்றாள்.

"ஐயோ, கூசுதுக்கா" என்று தங்கை காலை உதறி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

மெஷினக்கா குச்சியைத் தரையில் போட்டாள். கண்ணைத் திறக்காமல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தவளின் இரண்டு பாதங்களையும் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.