அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

பின்னேரம் ஐந்து மணியானால் மச்சாள் கையில் எந்த வேலை இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுக் கிணற்றுக்கட்டில் போய் உட்காருவாள். அந்த வளவில் அங்குதான் தொலைபேசிக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மடியில் போனை வைத்து, சேலைத் தலைப்பால் அதன் முகத்தை ஒரு தரம் துடைப்பாள். பிறகு காத்திருப்பாள். ஒரு மழைக்காலம் முழுவதும் அவள் அப்படிக் காத்திருந்தாள்.

மச்சாள் என்றால் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். அண்ணனும் அப்படித்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்த எங்கள் வீட்டை விட்டு, கிழக்கே செட்டிபாளையத்துக்கு மச்சாள் வீட்டு மாப்பிள்ளையாகப் போனான். ஆனாலும் அவன் மனம் முழுவதும் படுவான்கரை வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில் இருந்த தன் வயலில்தான் கிடந்தது. இரண்டு போகம் விளைச்சல் இல்லாமல் பிழைத்துப்போக, கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போனான். அங்கே சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. உயிர் இருந்தது, கண் திறக்கவில்லை. இப்படியே போகவும் கூடும், எழும்பவும் கூடும் என்று வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவனோடு தங்கியிருந்த நம்மூர்ப் பையன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்த்துச் சொல்லுவான். மற்ற நாட்களில் எங்களுக்கு இருந்த ஒரே வழி அந்த வார்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாதி. அந்தப் பையன் கெஞ்சிக் கேட்டதற்காக, முன்பின் தெரியாத எங்களுக்குத் தன் தேநீர் இடைவேளையில் அவள் அழைப்பாள். வார்டுக்குள் வீடியோவில் படம் காட்டக் கூடாது என்பதால் குரல் மட்டும்தான்.

முதல் அழைப்பை நான்தான் எடுத்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மச்சாளுக்குத் துணையாக அங்கே தங்கி, களுவாஞ்சிக்குடியில் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். தாதி மழை பொழிந்த மாதிரிப் பேசினாள். எனக்கு வாயில் 'யெஸ், யெஸ்' தவிர வேறொன்றும் வரவில்லை.

"என்னவாம் புள்ள?" என்றாள் மச்சாள்.

"ஒண்டும் விளங்கல்ல மச்சாள்."

அவள் ஏசவில்லை. "உங்கட இங்கிலீஷ் சேர் இப்ப என்ன படிப்பிக்கிறார்?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஆங்கிலப் பாடம் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் என்று தன்னைத் தானே கேலி செய்கிறவள்.

சேர் அப்போது நிகழ்காலத் தொடர்வினை படிப்பித்துக்கொண்டிருந்தார். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. செய்யும் வேலையைச் செய்தபடியே சொல்ல வேண்டும். ஒருவர் எழும்பி யன்னலைத் திறந்தபடி 'நான் யன்னலைத் திறந்துகொண்டிருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர்கள் 'அவள் யன்னலைத் திறந்துகொண்டிருக்கிறாள்' என்பார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். கண்ணுக்கு முன்னால் நடப்பதை எதற்கு வாயாலும் சொல்ல வேண்டும்? பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? இதை மச்சாளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"பாக்க ஏலாதவங்களுக்குத்தானே புள்ள அது வேணும்," என்றாள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டாள். தேங்காய் துருவும்போது 'ஐ ஆம் ஸ்கிரேப்பிங்', முற்றம் கூட்டும்போது 'ஐ ஆம் ஸ்வீப்பிங்', மகன் பள்ளிக்கூடம் போனால் 'ஹீ இஸ் கோயிங்'. அயல் சனம் வேலியால் எட்டிப் பார்த்து, பாவம், புருசனை நினைத்து இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கதைத்தார்கள். அவள் காதில் வாங்கவேயில்லை. ஒருநாள் அரிசி புடைத்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"ஒரு மனிசன் கிடந்த கிடையில என்னென்ன செய்வானோ அதுக்கெல்லாம் சொல்லு."

மூச்சு விடுகிறான். தூங்குகிறான். வியர்க்கிறான். நடுங்குகிறான். சொல்லிக்கொண்டே போனேன், சீக்கிரமே தீர்ந்துவிட்டது. படுத்தே கிடக்கும் மனிதனுக்கு வினைச்சொற்கள் அவ்வளவு குறைவு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அழுறதுக்கு?" என்றாள்.

"கிரையிங்."

"அதையும் வெச்சிக்குவம்."

அதன்பின் ஐந்து மணி அழைப்பை நான் எடுத்ததேயில்லை. மச்சாள் எடுப்பாள். "வாட் இஸ் ஹீ டூயிங்?" என்பாள். மறுபக்கத்திலிருந்து நிறுத்தி, மெதுவாக, "ஹீ இஸ் பிரீதிங்" என்று வரும். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். அது போதும், மச்சாள் அன்றிரவு சோறு தின்பாள். தாதியும் கெட்டிக்காரிதான். இவளுடைய ஆங்கிலத்தின் அளவைப் பிடித்துக்கொண்டு, தான் செய்வதைச் செய்தபடியே சொல்லத் தொடங்கினாள். அவருடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். தலை வாரிக்கொண்டிருக்கிறேன். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தமிழில் தலையாட்டுவாள். எங்கள் சேர் வகுப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு செய்யப் பார்த்ததை இரண்டு பெண்கள் ஒரு போனை வைத்துக்கொண்டு செய்தார்கள்.

மார்கழியில் மழை விடாமல் அடித்தது. வாவி நிரம்பி, படுவான்கரை வட்டைகளில் கதிர் வெளிவராத குடலைப் பயிர் தண்ணீருக்குள் போனது. அப்படி வந்தால் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டி, வாவித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டுகிற நாளில் ஊரே திரண்டு போகும். அண்ணன் இருந்தால் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்பான். அன்றைக்கு மச்சாள் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்து மணிக்கு அழைப்பு வந்தபோது நாங்கள் மணலில் நின்றோம். "போன், ஹிஸ் இயர்," என்றாள் மச்சாள், இலக்கணம் எல்லாம் மறந்து. தாதி போனை அண்ணனின் காதில் வைத்திருக்க வேண்டும். மச்சாள் தமிழில் தொடங்கினாள்.

"இஞ்ச கேளுங்க. நான் முகத்துவாரத்தில நிக்கிறன். வெட்டிக்கொண்டிருக்கிறாங்க. இப்ப கால்வாய் மாதிரித் தண்ணி ஓடுது. இப்ப கரை இடியுது. பெரிசாப் போகுது. நம்மட வட்டைத் தண்ணி கடலுக்குப் போகுது. நம்மட பயிர் தலையெடுக்கும். கேக்குதா சத்தம்?"

போனைத் தண்ணீரின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். வாவி கடலுக்குள் விழும் இரைச்சல் காதை அடைத்தது. திரும்பக் காதில் வைத்தபோது தாதியின் குரல் பதறியது. எனக்கும் கேட்டது.

"மேடம், ஹீ இஸ் கிரையிங்."

மச்சாள் அப்படியே ஈர மணலில் குந்தி, வாய்விட்டுச் சிரித்தாள். சனம் திரும்பிப் பார்த்தது. "என்ன புள்ள, என்ன நடந்த?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"என்ட மனிசன் அழுறார்," என்றாள் அவள், சிரித்தபடியே. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

அண்ணன் வந்து சேரப் பல மாதமானது. இடது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், கோபம் முன்பைவிடக் கூட. ஆனால் வட்டைக்குப் போகிறான், வருகிறான். அந்த மருத்துவமனை நாட்களில் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. நான் இப்போது பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். கண்ணுக்கு முன்னால் நடப்பதை எதற்கு டீச்சர் சொல்ல வேண்டும் என்று வருசத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். மச்சாள் சொன்ன பதிலைத்தான் சொல்லுகிறேன்.

தாதி தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். இருந்தும் நினைத்தால் அழைப்பாள். போன மாதம் நான் போயிருந்தபோதும் அழைத்தாள். மச்சாள் பழைய இடத்தில், கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து போனைத் துடைத்துவிட்டு எடுத்தாள். இப்போது கேள்வி அந்தப் பக்கமிருந்துதான் வரும்: "வாட் இஸ் ஹீ டூயிங்?" வழக்கமாக இவள், ஆட்டை ஏசிக்கொண்டிருக்கிறார், என்னை ஏசிக்கொண்டிருக்கிறார் என்று ஏதாவது சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்கள். அன்றைக்கு அண்ணன் மாமர நிழலில் பாயைப் போட்டுக் கண்ணயர்ந்திருந்தான்.

"ஹீ இஸ் ஸ்லீப்பிங்," என்றாள் மச்சாள்.

அன்றைக்கு மறுபக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. பிறகு மச்சாள் போனோடு எழும்பி, மெல்ல நடந்து போய், பாயருகே குனிந்து அவனுடைய மூக்கடியில் போனைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"ஹீ இஸ் பிரீதிங்," என்றாள்.