வண்டியையும் ஆளையும் ஒரே நாளில் மாற்றியவர்

நீர் என்னிடம் பொய் சொன்னீர். மதுரையில் எனக்குப் பஸ் விற்ற ஏஜெண்டாகிய உம்மைத்தான் சொல்கிறேன். வண்டியில் பழுதே இல்லை, ஓட்டுகிறவன் கைதான் பழுது என்று முதலில் சொன்னீர். பிறகு வண்டியையே மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்றீர். இந்த இரண்டில் எது பொய் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டுமே பொய்யாக இருக்கலாம் என்றும் சில நாள் தோன்றுகிறது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின காலம் அது. அப்போது பஸ் என்று முழுசாக எவனும் விற்கமாட்டான். எஞ்சின், சக்கரம், இரும்புச் சட்டம் இவ்வளவுதான் கம்பெனியிலிருந்து வரும். அதற்குச் சேஸிஸ் என்று பெயர். அதன்மேல் பலகை, சீட்டு, கூரை என்று கூடு முழுவதையும் நாமே ஆசாரியை வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் சேஸிஸை உம்மிடம் வாங்கினேன். கூட்டை ராஜபாளையத்திலேயே கட்டினேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓட்டினேன். ஓட்டியது என் மனைவியின் தம்பி. அதற்கு முன் அவன் பஞ்சு மூட்டை லாரி ஓட்டியவன். அங்கே ஒருவரும் அவனைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஒரு மேடு ஏறவேண்டும். பாதி மேட்டில் இரண்டாவது கியர் 'டக்' என்று நழுவி வெளியே வந்துவிடும். எஞ்சின் சும்மா கத்தும், வண்டி நிற்கும். திரும்பப் போட்டால் பல்லைக் கடிக்குமே தவிர விழாது. பிறகென்ன, எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

என் பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப்பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகிறவர்கள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டுக்காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தள்ளுவார்கள். ஒருநாள் ஒரு சேத்தூர்க்காரர், நிலத்தகராறு வழக்குக்காரர், தள்ளிக்கொண்டே சத்தம் போட்டார்.

"ஏன் மொதலாளி, நான் இங்க உம்ம பஸ்ஸத் தள்ளுதேன். அங்க நான் வரலன்னு என் கேஸத் தள்ளிப்புடப் போறாக. எதுக்கு வே டிக்கெட்டு?"

பக்கத்தில் தள்ளிய பாய் ஒருவர், துணிக்கடைக்காரர், "டிக்கெட்டு உக்காந்து வாரதுக்கு இல்ல அண்ணாச்சி. தள்ளுததுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மச்சினன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உமக்கு ஆள் விட்டேன். நீர் ஒரு ஃபிட்டரை அனுப்பினீர். அவன் வந்து எஞ்சின் மூடியைத் திறந்தான். எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கும். அதுவும் சேஸிஸோடு கம்பெனியிலிருந்து வருவதுதான். அதில் நம்பர் எழுதிய ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கும். ஃபிட்டர் அதைக் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"இதுல நம்பர் எங்கய்யா?"

இருந்த நம்பர் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் குத்துவிளக்கு துலக்கும்போது என் மனைவி பஸ்ஸுக்கும் வந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டு அந்தத் தகட்டைத் தேய்ப்பாள். தேய்த்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பித்தளை கறுத்துக் கிடந்தால் வண்டிக்கு ஆகாது என்பது அவள் கணக்கு. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. புதுத் தங்கம் மாதிரி மின்னும். லேசாகக் கீறி எழுதிய எழுத்து, அவள் தேய்த்த தேய்ப்பில் வழுவழுவென்று ஆகிவிட்டது. இதை ஃபிட்டரிடம் சொன்னேன். அவன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

அவன் ஓட்டினான். மேட்டில் ஏறினான், இறங்கினான், திரும்ப ஏறினான். கியர் நழுவவில்லை. என் மச்சினன் ஓட்டினான், நழுவியது. மறுபடி ஃபிட்டர் ஓட்டினான், நழுவவில்லை. "பாத்தீங்களா? கைதான்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டான். மறுநாள் தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். அவருக்கும் ஒருதரம் நழுவியது. ஆனால் அவரோ, "புது வண்டில்லா, நான் சரியா அமுக்கல போலருக்கு" என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டார். நான் என்னவென்று நினைப்பது?

உமக்குக் கடுதாசி போட்டுப் பலனில்லை. அதனால் வண்டியின் பின்னால் ஒரு பலகை அடித்தேன். தள்ளுகிறவன் முகத்துக்கு நேரே இருக்கும்படி அடித்தேன். 'தள்ளும் பெரியோர்களுக்கு வணக்கம். இது புத்தம் புது வண்டி. விற்றவர் மதுரையில் இன்னார்' என்று உம் பெயரும் தெருவும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் படித்துவிட்டு நாலு ஊருக்குச் சொன்னார்கள். புது வண்டி வாங்க நினைத்த சங்கரன்கோவில்காரர் ஒருவர் அதற்காகவே வந்து பார்த்துவிட்டுப் போனார். நீர் காரை எடுத்துக்கொண்டு நேரே வந்து இறங்கினீர்.

அன்று நீர் பேசியது உமக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் கேட்க நீர் சொன்னீர்:

"பலகையைக் கழட்டுங்க. சேஸிஸை மாத்தித் தாரேன். உங்க கூட்டை அப்பிடியே தூக்கிப் புதுசு மேல வச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு. இந்தப் பையன் கையில வண்டியக் குடுக்கக் கூடாது. நானே ஒரு டிரைவர் அனுப்புறேன். ஒரு வருஷத்துக்குள்ள இவன் தொட்டான்னா நான் பொறுப்பு இல்ல."

"பழுதில்லாத வண்டிய எதுக்கு மாத்துதீரு?" என்று நான் கேட்டேன்.

"உங்க வாய மூடத்தான்" என்றீர். கூட்டம் சிரித்தது.

என் மச்சினன் கையைத் துடைத்த துணியை வண்டிப் படியில் போட்டான். "அத்தான், நீங்க வண்டிய வாங்கிக்கிடுங்க. நான் இறங்கிக்கிடுதேன்" என்றான். வண்டி நின்றால் சாப்பாடு நின்றுபோகும், அதை நினைத்து நின்றுகொண்டிருந்தேன். நீர் என் வாயைத் திறக்கவிடாதபடி நிபந்தனை போட்டீர் என்றுதான் இன்றும் சொல்வேன்.

வண்டி மதுரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கூடு என்னுடையதுதான். பூக்கூடை உரசின கீறல் இருந்தது, ஜன்னலோரம் எவரோ தடவின சுண்ணாம்பு இருந்தது. அடியில் எல்லாம் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. பித்தளைத் தகட்டில் நம்பர் பளிச்சென்று இருந்தது. சேஸிஸ் நிஜமாகவே மாறியதா என்று பதிவு ஆபீஸில் கேட்டேன். "ஏஜெண்ட் காயிதத்துல என்ன நம்பரோ அதுதான் எங்களுக்கும் நம்பர்" என்றார்கள். எவரும் குனிந்து பார்க்கவில்லை. நீர் அனுப்பிய டிரைவர் மேட்டில் ஏறினார். கியர் நழுவவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் நழுவவில்லை.

ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மச்சினன் இறங்கினான், வண்டி சரியாப்போச்சு." டீக்கடையில் இதுதான் பேச்சு. வேறு எந்த முதலாளியும் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. அவன் கான்சாபுரத்தில் மாமனார் வயலுக்குப் போய்விட்டான். என் மனைவி அன்றிலிருந்து என் பஸ்ஸில் ஏறியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகவேண்டுமென்றால் அதே பாதையில் ஓடும் என் எதிராளி பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போவாள். அந்தக் கண்டக்டர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். தகட்டையும் அவள் தொடவில்லை.

நீர் சொன்ன ஒரு வருஷம் கழிந்ததும் நான் கான்சாபுரம் போனேன். மச்சினன் வரப்பில் நின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள, வந்து ஒரே ஒரு தடவை மேட்டுல ஏத்திக் காட்டு. ஊரு வாயை அடைச்சுப்புடலாம்."

"ஏத்துதேன்னு வையிங்க. நழுவலைன்னா என்ன சொல்லுவிய?"

"உன் கை சரிதான்னு சொல்லுவேன்."

"நீங்க சொல்லுவிய. ஊரு, இது புது வண்டில்லா, அதான் நழுவலைன்னு சொல்லும். நழுவிருச்சுன்னா என் கைதான்னு சொல்லும். எப்பிடிப் போனாலும் எனக்கு என்ன அத்தான் கெடைக்கும்?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். "செத்த இருங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க."

மோர் குடித்துவிட்டு வந்தேன். அவன் சொன்னது சரி. அங்கேதான் என் மண்டை குழம்ப ஆரம்பித்தது. வண்டியையும் ஆளையும் நீர் ஒரே நாளில் மாற்றினீர். எதனால் சரியானது என்று எவனால் சொல்ல முடியும்?

அதையாவது அப்படியே விட்டிருப்பேன். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கரிவாயுப் பீப்பாய் பொருத்தவேண்டி வந்தது. அதற்காக முன்பக்கத்துத் தகரச் சுவரைச் சுரண்டச் சொன்னேன். கறுப்புப் பெயிண்ட் உரிந்தது. அடியில், பித்தளைத் தகட்டுக்குக் கீழே, கோடு கோடாகத் துரு இறங்கியிருந்தது. விளக்கு துலக்கின புளித்தண்ணீர் வடிந்தால் தகரத்தில் விழுமே, அந்த மாதிரிக் கோடு.

வீட்டுக்கு ஓடினேன். மனைவியைக் கூப்பிட்டு, எதிராளி பஸ்ஸில் ஏறுகிறவளை என் பஸ்ஸண்டை நிறுத்திக் காட்டினேன். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது நான் தேச்சதுதான். அப்பம் இது அதே வண்டி. ஒண்ணும் மாத்தல. கியர்ப் பெட்டிய மட்டும் நைசாச் சரிபண்ணிக் குடுத்துருக்கான். என் தம்பி மேல தப்பே இல்ல."

"பெட்டியையும் தொடாமப் பெயிண்ட் மட்டும் அடிச்சிருந்தா?" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

அதற்குமேல் இன்னொன்று. கிளீனர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மொதலாளி, புது வண்டி வந்த பொறவு ஆயுத பூசைக்கு நானும் ரெண்டு தடவை புளி போட்டுத் தேச்சேன்" என்றான். கோடு அவன் விட்டதாகவும் இருக்கலாம். ஆனால் கோடு பெயிண்டுக்கு அடியில் அல்லவா இருந்தது? பெயிண்ட் அடித்தது மதுரையிலா, நடுவில் ஒருமுறை ராஜபாளையத்தில் நான் அடிக்கச் சொன்னேனே, அதுவா? எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதாக நினைத்தால் மறுநாள் மாறிப்போகிறது.

மதுரைக்கு வந்து உம்மிடமே கேட்டேன். நீர் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டீர்.

"வண்டி ஓடுதா, ஓடலையா?"

"ஓடுது."

"பெறகு என்ன கேள்வி?"

இதுதான் கேள்வி. வண்டியைப் பற்றி எனக்கு இனிக் கவலையில்லை. அது இரும்பு, என்றைக்காவது எடைக்குப் போகும். ஒருத்தன் தொழில் தெரிந்தவனா இல்லையா என்பது உம் வாயில் இருக்கிறது. அவன் இப்போதும் வயலில் நிற்கிறான். சாலையில் பஸ் சத்தம் கேட்டால் முதுகைத் திருப்பிக்கொள்கிறான் என்று அவன் மனைவி சொல்கிறாள்.

நீர் இப்போது பெரிய மனிதர். எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்காருகிறீர். அடுத்த முறை ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் ஏறும்போது நான் முன்வரிசையில் இருப்பேன். என் மனைவியும் இருப்பாள், எதிராளி பஸ்ஸில் வந்திருப்பாள். மச்சினனைக் கூப்பிடுவேன், வருவானோ என்னவோ. எல்லோரும் கேட்கச் சொல்லும். சேஸிஸை மாற்றினீரா, இல்லையா? மாற்றினீர் என்றால் பழையதை எந்த ஊருக்கு விற்றீர், அங்கே மேட்டில் கியர் நழுவியதா? மாற்றவில்லை என்றால் அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே என்ன செய்தீர்? வண்டி ஓடுகிறதா என்று என்னைத் திருப்பிக் கேட்கவேண்டாம். கேட்டதற்குப் பதில் சொல்லும்.